சோலார் கோளாறா? ஏணியை எடுக்கும் முன் மணியைப் பாருங்கள்

மலேசியாவின் பினாங்கில் வீட்டுக் கூரைகளுக்குச் சோலார் மாட்டுவதும், வேறு ஆட்கள் மாட்டிவிட்டுப் போனதைச் சரிபார்ப்பதும் என் பிழைப்பு. கைப்பேசி அடித்தால் நான் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மணிக்கு?" என்பதுதான். "சோலார் ஓடலைன்னு சொல்றேன் தம்பி, நீ மணி கேக்குறே" என்று கடுப்பாகிறவர்கள் உண்டு. ஆனால் காலை ஏழரைக்கு வரும் கோளாறு வேறு, உச்சி வெயிலில் வருவது வேறு, டிசம்பரில் மட்டும் தலைகாட்டுவது இன்னொன்று. நேரம் தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி.

பேனலில் சுழல்வதோ தேய்வதோ எதுவும் கிடையாது. சிலிக்கான் மேல் ஒளி விழுந்தால் எலெக்ட்ரான் நகரும், அவ்வளவுதான். அதனால் பேனல் தானாகக் கெட்டுப்போய் நான் பார்த்தது குறைவு. கோளாறு பெரும்பாலும் கம்பியில், இணைப்பில், நிழலில், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சுவர்ப் பெட்டியான இன்வெர்ட்டரில் இருக்கும். சில நேரம் வைஃபையில்.

சுங்கை ஆராவில் ஒரு பாட்டி, பேரன் படித்துக் காட்டிய விளம்பரத்தில் "கதிர்வீச்சு" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, பேனலுக்குக் கீழே படுத்தால் உடம்புக்கு ஆகாதா என்று கேட்டார். வாசலில் அவர் காய வைத்திருந்த அப்பளத்தின் மேல் விழுவதும் அதே கதிர்வீச்சுதான், பேனல் அதை வாங்கிக்கொள்கிறதே தவிர எதையும் வீசுவதில்லை என்று சொன்னேன். அப்பளத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

கை வைக்கும் முன்

பேனலுக்கு சுவிட்ச் இல்லை. வெளிச்சம் இருக்கும்வரை கூரையிலிருந்து இறங்கும் கம்பியில் டிசி (ஒரே திசையில் பாயும்) மின்சாரம் இருக்கும், வீட்டு மெயினை அணைத்தாலும் இருக்கும். பத்துப் பேனலைத் தொடராக மாட்டினால் 400 வோல்ட் பக்கம் வரும். திசை மாறி மாறிப் பாயும் நம் வீட்டு ஏசி மின்சாரம் விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போவதால் பொறி பறந்தாலும் அணைய வாய்ப்பு உண்டு. டிசி பூஜ்யத்தைத் தொடவே தொடாது. பொறி பிடித்தால் நின்று எரியும்.

ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும்போது கூரைக் கம்பிகளை இணைக்கும் எம்சி4 பிளக்கைப் பிடுங்காதீர்கள். நிறுத்த வேண்டுமானால் முதலில் ஏசி பிரேக்கர், அப்புறம் கூரைக் கம்பியைத் துண்டிக்கும் டிசி ஐசொலேட்டர் சுவிட்ச். மூடியைத் திறப்பதும் மீட்டர் வைத்து அளப்பதும் உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. உங்கள் பங்கு திரையைப் பார்ப்பது, விளக்கின் நிறத்தைப் பார்ப்பது, இன்வெர்ட்டரின் கைப்பேசி ஆப்பில் அன்றைய உற்பத்தி வளைகோட்டைப் பார்ப்பது, கீழே நின்று கூரையை அண்ணாந்து பார்ப்பது. நம்புங்கள், அதிலேயே நிறையத் தெரியும்.

ஆப்பில் பூஜ்யம், இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு

சோலார் நன்றாக இருக்கிறது. போனது இணையத் தொடர்பு. வீட்டில் மோடத்தை மாற்றினீர்களா, கடவுச்சொல்லை மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இன்வெர்ட்டரின் அடியில் செருகியிருக்கும் சின்ன வைஃபை குச்சிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். புது மோடம் 5 கிகாஹெர்ட்ஸோடு சேர்த்து ஒரே பெயரில் விட்டால் இது குழம்பிப் போகும். இரண்டையும் பிரித்துத் தனிப் பெயர் கொடுங்கள், குச்சியை மறுபடி இணையுங்கள். இதற்காக யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

கரண்ட் போனால் சோலாரும் போகிறது

இது கோளாறே இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். தெருவில் கம்பம் ஏறி வேலை பார்க்கும் ஆளுக்கு லைன் செத்துவிட்டது என்ற நம்பிக்கைதான் உயிர். அந்த நேரத்தில் உங்கள் கூரை லைனுக்குள் மின்சாரத்தைத் தள்ளினால் என்ன ஆகும்? அதனால் வெளிமின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். பேட்டரியும் தனி மாற்று சுவிட்சும் உள்ள வீட்டில் மட்டும் விளக்கு எரியும். கரண்ட் திரும்பி வந்த பிறகும் சில நிமிடம் லைனைக் கவனித்துவிட்டுத்தான் சேரும். அதற்குள் பொறுமை இழந்து சுவிட்சை மேலும் கீழும் தட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் அது முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும்.

நண்பகலில் நின்று நின்று ஓடுகிறது

காலையில் வளைகோடு அழகாக ஏறுகிறது. பதினொன்றரைக்குத் திடீரென்று பூஜ்யம், ஐந்து நிமிடத்தில் மறுபடி மேலே, மறுபடி பூஜ்யம். இரண்டு மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. படம் சீப்புப் பல் போல இருக்கும். திரையில் "கிரிட் ஓவர் வோல்டேஜ்" என்றோ அதற்கான எண்ணோ வரும்.

இதற்கு நான் கேட்கும் இரண்டாவது கேள்வி "எந்தக் கிழமை?" என்பது. வேலை நாளில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக ஓடுகிறது என்றால் அநேகமாக முடிந்தது கதை. ஞாயிறன்று தாமான் (குடியிருப்பு) முழுக்க ஏர்கோன் ஓடும், உங்கள் கூரை தரும் மின்சாரத்தைப் பக்கத்து வீடே தின்றுவிடும். செவ்வாய்க்கிழமை நண்பகலில் தாமானில் ஆளில்லை. தின்ன ஆளில்லாத மின்சாரத்தை லைனுக்குள் தள்ள, இன்வெர்ட்டர் லைனைவிடச் சற்று அதிக அழுத்தம் கொடுத்தாக வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளுவது மாதிரிதான். நம் நாட்டில் விநியோக அழுத்தம் 230 வோல்ட், மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு வரை போகலாம். அதாவது 216-இலிருந்து 253 வரை. 253-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் கழன்றுகொள்ளும். கழன்றுகொள்ளத்தான் வேண்டும்.

இப்போது யார் பக்கம் தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். வயர்மேனை வெயில் நன்றாக இருக்கும் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு வந்து "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டுப் போகிறவரால் பிரயோஜனமில்லை. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அழுத்தம் பார்க்க வேண்டும். ஒன்று இன்வெர்ட்டர் முனையில், இன்னொன்று வீட்டு பிரேக்கர்கள் இருக்கும் டிபி பாக்ஸில். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக, இரண்டுமே உயரமாக இருந்தால் லைன் பக்கம்தான் உயரம். இன்வெர்ட்டரில் மட்டும் உயரமாக இருந்தால் உங்கள் வீட்டுக் கம்பிதான் குற்றவாளி.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மாடி வீடு. இன்வெர்ட்டர் கார் நிற்கும் இடத்தில், டிபி பாக்ஸ் சமையலறையை ஒட்டி, நடுவே 20 மீட்டர். முதலில் மாட்டியவர்கள் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்திருந்தார்கள். 5 கிலோவாட் ஓடும்போது அதில் 22 ஆம்பியர் பக்கம் பாயும். போக வர 40 மீட்டர் செம்புக்கு 0.18 ஓம் மின்தடை. பெருக்கிப் பாருங்கள், 4 வோல்ட். டிபி பாக்ஸில் 250, இன்வெர்ட்டரில் 254. அந்த 4 வோல்ட்தான் ஒரு வருடமாக அவர்களுடைய நண்பகலைத் தின்றுகொண்டிருந்தது. 10 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்தேன், இழப்பு ஒன்றரை வோல்ட் சொச்சமாக இறங்கியது, நிற்பதும் நின்றது. அதற்கு முன்னால் வந்த ஒருவர் இன்வெர்ட்டரையே மாற்றச் சொல்லி விலையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

கம்பி தடிமனாக இருந்தும் அழுத்த இழப்பு அதிகம் என்றால் திருகுகளைப் பார்க்க வேண்டும். தளர்ந்த ஒரு திருகு போதும். அதைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும், மூக்கை வைத்தால் கருகிய வாசம் வரும். அது வெறும் அழுத்தப் பிரச்சினை அல்ல, தீப்பிடிக்கும் இடம்.

லைனே உயரம் என்றால்? சோலாரை அணைத்துவிட்டு, இரவிலும் பகலிலும் டிபி பாக்ஸ் அழுத்தத்தை மூன்று நாள் எழுதி வையுங்கள். சோலார் இல்லாமலே 245, 248 என்று நின்றால் மின்சார நிறுவனமான டிஎன்பியிடம் அந்தத் தாளோடு புகார் செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் அழுத்தத்தை இறக்கும் வழி இருக்கிறது. "சோலார் ஓடலை" என்று வாயால் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது, எழுதிய எண்களைப் பார்த்தால் புரியும். ஒன்று மட்டும் வேண்டாம்: இன்வெர்ட்டர் அமைப்பில் அந்த 253 வரம்பை உயர்த்தி வைக்கச் சொல்லி யாரையும் கெஞ்சாதீர்கள். அப்படிச் செய்தால் சோலார் ஓடும், உங்கள் ஃபிரிஜ்ஜும் டிவியும் அதற்கு விலை கொடுக்கும்.

மழை பெய்த மறுநாள் காலை சிவப்பு விளக்கு

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது, கண்டுபிடிக்கும்போது ஒரு துப்பறியும் சுகம் இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு அவ்வளவு பிடிக்காது, ஏனென்றால் நான் போய்ச் சேர்வதற்குள் அது தானாகச் சரியாகிவிடும்.

ஒவ்வொரு காலையும் லைனோடு சேரும் முன்னால், கூரைக் கம்பிகளிலிருந்து பூமிக்கு எங்காவது கசிவு இருக்கிறதா என்று இன்வெர்ட்டர் சோதிக்கும். இரவு மழை கொட்டியிருந்து, எங்கோ ஓர் இணைப்புக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் சோதனையில் தோல்வி. "ஐசொலேஷன்" என்ற சொல் திரையில் வரும். பத்து, பத்தரைக்கு வெயில் ஈரத்தை உறிஞ்சிவிடும், சோதனை பாஸாகும், பச்சை விளக்கு எரியும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். செப்டம்பர், அக்டோபரில் பினாங்கு மழை பிடித்துக்கொள்ளும்போது நாள் முழுக்கச் சிவப்பிலேயே நிற்கும். அப்போதுதான் போன் வரும்.

தயவுசெய்து அந்த நேரத்தில் கூரை ஏறாதீர்கள். கசிவு இருக்கும்போது பேனல் சட்டத்தில் மின்சாரம் ஏறியிருக்கலாம், கூரை ஓடும் ஈரத்தில் வழுக்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்கிறேன், வருகிற ஆள் சரியாகத்தான் தேடுகிறாரா என்று உங்களுக்குத் தெரியட்டும். ஈரம் காய்வதற்குள் போக வேண்டும். ஏசியை, டிசியை அணைத்து, கூரைக் கம்பியைத் தனியாக்கி, உயர் வோல்டேஜுக்கு ஏற்ற மீட்டரால் மூன்று அளவு எடுக்க வேண்டும். தஞ்சோங் பூங்ஙாவில் ஒரு வீட்டில் எடுத்த அளவுகள்: பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே 400 வோல்ட். பாசிட்டிவிலிருந்து பூமிக்கு 280. நெகட்டிவிலிருந்து பூமிக்கு 120. கசிவே இல்லாத கூரையில் பின்னிரண்டும் நிலையாக நிற்காது, மெல்ல இறங்கிக் காணாமல் போகும். இங்கே நின்றன, கூட்டினால் சரியாக 400. மொத்தம் பத்துப் பேனல், ஒன்றுக்கு 40 வோல்ட். 120-ஐ 40-ஆல் வகுத்தால் மூன்று. நெகட்டிவ் முனையிலிருந்து எண்ணி மூன்றாவது பேனலுக்கும் நான்காவது பேனலுக்கும் நடுவே கூரையில் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஏணி வைக்கும் முன்பே இடம் தெரிந்துவிட்டது.

மேலே போய்ப் பார்த்தால், அந்த இடத்தில் கம்பியைச் சட்டத்தில் கட்டாமல் விட்டிருந்தார்கள். எம்சி4 ஜோடி ஒன்று ஓட்டின் பள்ளத்தில், தண்ணீர் ஓடும் வழியிலேயே கிடந்தது. கையில் எடுத்தால் ஆடியது. "கிளிக்" என்ற சத்தம் வரும்வரை அழுத்தவில்லை. ஒரு பக்கம் ஒரு பிராண்ட், இன்னொரு பக்கம் வேறு பிராண்ட். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பொருந்தியும் விடும், ஆனால் உள்ளே உலோகமும் ரப்பர் வளையமும் ஒன்றுக்கொன்று செய்ததல்ல. திறந்தேன். முனையில் பாசி நிறத்தில் செம்புக் களிம்பு, தொட்டால் தூளாக உதிர்ந்தது. கடற்கரைக் காற்று வேறு. இரண்டு முனையையும் வெட்டி, ஒரே பிராண்டில் புது ஜோடி கிரிம்ப் செய்து (கருவியால் நசுக்கி இறுக்கி), கம்பியைத் தூக்கிச் சட்டத்தோடு கட்டினேன். பொருள் செலவு பத்து இருபது ரிங்கிட். அதற்கு முன் இரண்டு மழைக்காலம் அவர்கள் இழந்தது எவ்வளவோ.

கணக்கு இப்படிச் சுத்தமாக வராவிட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கசிவு என்று பொருள். எலியோ அணிலோ கடித்த கம்பியென்றால் பெரும்பாலும் அப்படித்தான், ஒரே இடத்தில் கடித்துவிட்டுப் போகும் எலியை நான் பார்த்ததில்லை. பேனலைச் சுற்றிக் கம்பிவலை அடிப்பது அதற்கு மருந்து. மைனாவும் புறாவும் கூடு கட்டாமல் இருக்கவும் அதுவே உதவும்.

தினமும் ஒரே நேரத்தில் ஒரு பள்ளம்

நிழல். வேறு யோசனையே வேண்டாம். ஆப்பில் பள்ளம் விழும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்தில் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று கூரையைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, அண்டை வீட்டு ஆஸ்ட்ரோ டிவி தட்டு, தென்னை மட்டை, புதிதாக வளர்ந்த மாமரக் கிளை, ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

கொஞ்ச நிழல்தானே என்று நினைக்க வேண்டாம். பேனலுக்குள் செல்கள் மூன்று கூட்டமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு பைபாஸ் டையோடோடு இருக்கும். ஒரு கூட்டத்தின் மேல் அடர்த்தியாக நிழல் விழுந்தால் அந்தக் கூட்டத்தையே மின்சாரம் சுற்றிக்கொண்டு போகும், அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. ஒரே ஒரு வாடாமல்லி இலை ஒட்டினால் ஒன்றுமில்லை, ஆனால் ஒரு குழாயின் நிழல் குறுக்கே விழுந்தால் பில்லில் தெரியும்.

சில பள்ளங்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம்தான் வரும். பினாங்கு பூமத்தியரேகைக்கு வடக்கே ஐந்தரை பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கும். ஜூனில் வடக்கே 18 பாகை சாயும், டிசம்பரில் தெற்கே 29 பாகை. ஒரு மீட்டர் உயரக் குழாய்க்கு டிசம்பர் நண்பகலிலேயே அரை மீட்டருக்கு மேல் நிழல் உண்டு, காலையிலும் மாலையிலும் அது இன்னும் நீளும். ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டில் தீபாவளி கழிந்தால் உற்பத்தி விழும், தைப்பூசம் கழிந்தால் எழும். பேனல் ஒன்றையே மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். தெற்குப் பக்கத்து வீட்டின் ஆஸ்ட்ரோ தட்டு அது. அந்த வீட்டு அண்ணனிடம் ஒரு தே தாரே டீ வாங்கிக் கொடுத்துப் பேசினேன், தட்டை ஒரு மீட்டர் தள்ளி மாட்ட ஒத்துக்கொண்டார்.

எல்லா நிழலையும் விரட்ட முடியாது. ஆயர் ஈத்தாமில் சில வீடுகளுக்குக் கொடிமலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே இறங்கிவிடும். மலையைத் தள்ளி வைக்க என்னிடம் ஸ்பேனர் இல்லை.

நல்ல வெயிலில் உச்சி தட்டையாகிறது

தட்டை மேசை மாதிரி நேராக, ஓர் எண்ணில் நிற்கிறதென்றால் இன்வெர்ட்டர் தன் அளவை எட்டிவிட்டது. 6 கிலோவாட் பேனலுக்கு 5 கிலோவாட் இன்வெர்ட்டர் மாட்டியிருந்தால் இது இயல்பு. காலையும் மாலையும் கூடுதலாகக் கிடைப்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள்.

தட்டையாக இல்லாமல் ஒரு மணிக்கு மேல் சரிந்துகொண்டே போனால் சூடு. இன்வெர்ட்டருக்குச் சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மேற்குச் சுவரில் வெயில் நேராக அடிக்கிறதா? சுற்றிப் பெட்டி அடித்து மூடிவிட்டீர்களா? பிறை ஊரில் ஒரு வீட்டில், அசிங்கமாகத் தெரிகிறது என்று அழகான தேக்கு அலமாரி செய்து இன்வெர்ட்டரை உள்ளே வைத்து, மேல் தட்டில் பழைய செய்தித்தாள் அடுக்கி வைத்திருந்தார்கள். கதவைக் கழற்றச் சொன்னேன், அன்று மதியமே சரிவு காணாமல் போயிற்று.

பேனலுக்கும் சூடு ஆகாது. நிறையப் பேர் வெயில் சுட்டால் மின்சாரம் கூடும் என்று நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது ஒளி, வெக்கை அல்ல. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் திறன் குறையும். மார்ச் மாத மதியம் பேனல் 65 பாகை தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் அதிலேயே போய்விடும். அதனால்தான் சாதனை எண்ணிக்கை உச்சி வெயிலில் வராது. மழை விட்டுப் பேனல் குளிர்ந்திருக்கும்போது மேகம் கிழிந்து, வெள்ளை மேகத்தின் ஓரம் பட்டு ஒளி சிதறி விழும் அந்த ஓரிரு நிமிடத்தில் வரும்.

மொத்தமாகவே குறைந்துவிட்டது

முதலில் எதோடு ஒப்பிடுகிறீர்கள்? இங்கே 5 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 16, 17 யூனிட் தரும். தைப்பூசத்தையொட்டிய வறண்ட மாதங்களில் 20-ஐத் தாண்டும், அக்டோபர் மழை நாட்களில் பாதிக்கும் இறங்கும். பிப்ரவரியோடு அக்டோபரை ஒப்பிட்டுவிட்டுப் பேனல் கெட்டுவிட்டது என்று சொல்லாதீர்கள். போன அக்டோபரோடு ஒப்பிடுங்கள். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். 2015-இலும் 2019-இலும் சூரியன் ஆரஞ்சுப் பொட்டு மாதிரி தெரிந்ததே, அந்த மாதிரி நாட்களில் நல்ல பேனலும் சோர்ந்துதான் போகும்.

அதையும் மீறிக் குறைவு என்றால் அழுக்கு. நம் ஊர் மழை நன்றாகவே கழுவும், ஆனால் கூரைச் சாய்வு 10 பாகைக்குக் குறைவாக இருந்தால் கீழ் விளிம்பில் தண்ணீர் தேங்கிச் சேறு ஒரு கோடாகப் படியும், அதில் பாசி பிடிக்கும். காலை எட்டு மணிக்கு முன்னால், கண்ணாடி சூடேறும் முன், வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். உயர் அழுத்த ஜெட் வேண்டாம், பேனல் மேல் மிதிக்கவே வேண்டாம். கண்ணாடி தாங்கும், உள்ளே செல் கீறிவிடும்.

கழுவியும் தேறவில்லை, இரண்டு ஸ்ட்ரிங் (தொடராக மாட்டிய பேனல் வரிசை) இருக்கிறது, ஒன்று மட்டும் எப்போதும் பின்தங்குகிறது என்றால், அவை ஒரே எண்ணிக்கை, ஒரே திசையாக இருக்கும் பட்சத்தில், ஒரே நேரத்தில் இரண்டின் வோல்டேஜையும் பாருங்கள். 13 வோல்ட் பக்கம் வித்தியாசம் என்றால் ஏதோ ஒரு பேனலில் ஒரு டையோடு போயிருக்கிறது. 40 என்றால் ஒரு பேனலே போயிருக்கிறது. இடிக்குப் பிறகு இப்படி ஆவது உண்டு. டிசி பெட்டிக்குள் இருக்கும் மின்னல் தடுப்பானின் சின்ன ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பாகிவிட்டதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பென்றால் அது உங்களுக்காகச் செத்துவிட்டது, புதிது போடுங்கள்.

பில் குறையவில்லை

ஆயர் ஈத்தாம் அக்கா ஒருவர் பில்லையும் கைப்பேசியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "ஆப்புல 540 யூனிட்டுன்னு போட்டிருக்கு. பில்லுல ஏற்றுமதி 380தான். 160 யூனிட்ட எவன் எடுத்தான்?"

"நீங்கதான்கா."

"நானா?"

"பகல்ல உங்க ஃபிரிஜ்ஜு ஓடுச்சு, வாஷிங் மெஷின் ஓடுச்சு, மாமாவுக்கு ஏர்கோன் ஓடுச்சு. அதுக்கெல்லாம் கூரையிலிருந்து நேரா போயிருச்சு. மீதிதான் மீட்டர் வழியா வெளியே போச்சு."

ஆப் காட்டுவது மொத்த உற்பத்தி. பில் காட்டுவது வீடு தின்றது போக வெளியே போனது. இரண்டும் ஒன்றாக இருக்கவே முடியாது. வீட்டுக்குள் தின்றதும் உங்களுக்கு லாபம்தான், அந்த அளவுக்கு வெளியிலிருந்து வாங்கவில்லையே.

பில்லில் ஏற்றுமதி என்ற வரியே இல்லையென்றால் இருவழி மீட்டர் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். 2021-இல் தொடங்கிய நெம் 3.0 என்ற ஏற்றுமதிக் கழிவுத் திட்டத்தில் சேர்ந்த வீடுகளுக்கு ஏற்றுமதி செய்த ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழிவு, பத்து ஆண்டுக்கு. அது 2025 நடுவில் மூடப்பட்டுவிட்டது. பிறகு சேர்ந்தவர்களுக்குக் கணக்கு வேறு, பக்கத்து வீட்டுப் பில்லோடு ஒப்பிட்டால் தலைதான் வலிக்கும்.

ஆப்பில் வீட்டுச் செலவு என்று நண்பகலில் 4 கிலோவாட் காட்டுகிறது, வீட்டிலோ ஒரு காற்றாடி மட்டும் சுற்றுகிறது என்றால், டிபி பாக்ஸில் கம்பியைக் கவ்வி மின்சாரத்தை அளக்கும் சிடி வளையத்தைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். அதன் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். பில்லுக்கு இதனால் கேடில்லை, பேட்டரி இருந்தால் மட்டும் அது தலைகீழாகப் புரிந்துகொண்டு நடக்கும்.

இதற்கெல்லாம் யோசிக்காமல் அணையுங்கள்

கருகிய வாசனை, டிசி பெட்டியிலிருந்து எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம், உருகிய பிளக், தொட்டால் சுடும் ஐசொலேட்டர். ஏசியை அணைத்து, பிறகு டிசியை அணைத்து, தள்ளி நில்லுங்கள். டிசி பெட்டியே புகைந்தால் அதைத் தொடாமல் 999. தீயணைப்புக்காரர்கள் வந்ததும் கூரையில் சோலார் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

வெள்ளம் வந்தாலும் அப்படித்தான். 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியபோது கார் நிற்கும் இடங்களில் இடுப்பளவு தண்ணீர். அந்த உயரத்தில் மாட்டிய இன்வெர்ட்டர் நனைந்துவிட்டால், வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் போடாதீர்கள். தெருவில் கரண்டே இல்லாவிட்டாலும் பொழுது விடிந்ததும் கூரை அதற்குள் மின்சாரத்தை அனுப்பத் தொடங்கிவிடும்.

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து, எனக்கு முன்பின் தெரியாத ஓர் ஆசிரியை அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தி: "ஐயா, காலை 7.40 சிவப்பு விளக்கு. இரவு முழுக்க மழை. 10.15க்குத் தானாகப் பச்சை. மூன்று நாளாக இப்படி. படம் இணைத்துள்ளேன்." பதில் எழுதும் முன் எம்சி4 இரண்டு ஜோடியும் கிரிம்ப் கருவியும் வண்டியில் ஏற்றினேன். அப்புறம் கேட்டேன், "டீச்சர், நாளைக்கும் மழை வந்தா காலையில ஏழு மணிக்கே வரலாமா?"